சிதறுதலுக்கு எதிர்ச்சொல் எது?



 

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வீடுகளில் எதிர்ச்சொற் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இன்பம் என்றால் துன்பம், பகை என்றால் உறவு, வரவு என்றால் செலவு. அப்பட்டியல்களில் அதிகம் இடம்பெறாத ஒரு சொல்லை இங்கு எடுத்துக்கொள்வோம். சிதறுதல். இதற்கு எதிர்ச்சொல் யாது? சேர்தல் என்பார் ஒருவர். கூடுதல், இணைதல், திரளுதல் என்பார் வேறொருவர். மேடைப் பேச்சிலே பழகிய வாய் சற்றும் தாமதியாமல் 'ஒற்றுமை' என்று கூறிவிடும்.

இவை யாவும் சரியான விடைகளே. ஆயினும், அன்றாட வாழ்வில் பொருட்கள் சிதறும்போது நாம் இந்தப் பொதுச் சொற்களைத் தேடிச் செல்வதில்லை. வலை அறுந்தால் பொத்துகின்றோம். சட்டை கிழிந்தால் தைக்கின்றோம். கூரை சிதைந்தால் கிடுகு பின்னி வேய்கின்றோம். எலும்பு முறிந்தால் பொருத்துகின்றோம். வரம்பு உடைந்தால் கட்டுகின்றோம். ஒவ்வொரு சிதைவுக்கும் அதற்கே உரிய மாற்றுச் சொல்லை நமது முன்னோர் வைத்துச் சென்றிருக்கின்றனர்.

இச்சொற்களை மீண்டும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். அறுந்தால், கிழிந்தால், சிதைந்தால், முறிந்தால், உடைந்தால். இவற்றுள் எதிலும் ஆள் இல்லை. மழை பெய்தது, காலம் சென்றது, பொருள் தானாகவே கெட்டது. பொத்துகின்றோம், தைக்கின்றோம், வேய்கின்றோம், பொருத்துகின்றோம், கட்டுகின்றோம் என்ற மறுபக்கத்திலோ ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு மனிதர் குனிந்து அமர்ந்து வேலை செய்துகொண்டிருக்கின்றார். கிடுகு தானாகப் பின்னிக்கொள்ளாது. துணி தானாக நெய்துகொள்ளாது.

பாடசாலையில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். சேர்ந்தது, சேர்த்தது. இணைந்தது, இணைத்தது. பொருந்தியது, பொருத்தியது. திரண்டது, திரட்டியது. மெல்லின எழுத்து இருந்த இடத்தில் வல்லினம் வந்து அமர்கின்றது, வேறுபாடு அவ்வளவே. ஆனால் அந்த ஓர் எழுத்துக்குள் ஒரு மனிதரின் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கின்றது. "குடும்பம் பெருநாளைக்கு ஒன்று சேர்ந்தது" என்று நாம் மகிழ்வோடு கூறுகின்றோம். பத்து நாட்களாகத் தொலைபேசியில் ஒவ்வொருவரையும் அழைத்து, இருவருக்கிடையே இருந்த மனத்தாங்கலை நீக்கி, அனைவரையும் ஒரே சஹனைச் சுற்றி அமர வைத்த உம்மா அந்த வாக்கியத்தில் எங்கே? 'சேர்ந்தது' என்ற சொல் அவரை மறைத்துவிட்டது. 'சேர்த்தார்' என்று கூறியிருந்தால் அவர் தெரிந்திருப்பார்.

மட்டக்களப்புத் தயிரின் பெயர் இந்நாடெங்கும் அறியப்பட்டது. எருமைப் பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, சட்டியில் ஊற்றி வைத்தால் காலையில் தயிர் உறைந்துவிட்டது என்கின்றோம். உறைந்தது உண்மை. இரவில், சூடு கையில் தாங்கத்தக்க அளவுக்கு வந்ததா என்று விரலால் பார்த்து, முந்திய நாள் தயிரில் ஒரு கரண்டி இட்டவர் இல்லாவிட்டால் பால் உறைந்திராது. புளித்துத் திரிந்துதான் போயிருக்கும். பாலைத் திரிய விடுவதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை.

அறபு மத்ரஸாக்களில் ஓதும் மாணவர்கள் ஸர்ஃப் கலையின் வினை அமைப்புக்களில் இதனை இன்னும் தெளிவாகக் காண்பர். இன்ஃபிஆல் என்பது ஒரு வினை அமைப்பு. இன்கஸர என்றால் உடைந்தது, இன்கதஅ என்றால் அறுந்தது, இன்ஹதம என்றால் இடிந்தது, இன்ஃபஸல என்றால் பிரிந்தது. விளைவு மட்டுமே கூறப்படும்; செய்தவர் மறைந்திருப்பார். தஃபாஉல் என்பது மற்றோர் அமைப்பு. தஆவுன் என்றால் ஒருவருக்கொருவர் உதவுதல், தஸாலுஹ் என்றால் ஒருவரோடொருவர் சமாதானமாதல், தமாஸுக் என்றால் ஒன்றையொன்று பற்றிப் பிடித்து நிற்றல். கட்டடமோ சமூகமோ சிதறாமல் நிற்பதைக் குறிக்க இன்றைய அறபு மொழியில் பெரிதும் வழங்குவது இந்தத் தமாஸுக் என்ற சொல்தான். பற்றுவதற்கு ஒரு பக்கம் போதாது என்பது அச்சொல்லின் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கின்றது. ஒன்றையும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். சச்சரவைக் குறிக்கும் தனாஸுஉ என்ற சொல்லும் இதே அமைப்பைச் சேர்ந்ததுதான். சண்டைக்கும் இரு தரப்பு வேண்டும் என்பதை அறபிகள் நன்கு அறிந்திருந்தனர்.

இவை யாவும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிட வேண்டாம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே சென்றால் கரடியனாறு வருகின்றது. ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த, வயல்கள் சூழ்ந்த ஊர். கரடியன், ஆறு என்னும் இரு சொற்கள் புணர்ந்து உண்டான பெயர் அது. முதற் சொல்லின் ஈற்றில் நிற்கும் மெய்யின் மேல் அடுத்த சொல்லின் உயிர் வந்து ஏறுகின்றது. சொற்கள் இணைவதற்குத் தமிழ் இலக்கணம் இட்ட பெயர் புணர்ச்சி. மெய் என்றால் உடல். உடலும் உயிரும் கூடுவதைப் போன்று எழுத்துக்கள் கூடுகின்றன என்று எண்ணிய மொழி இது.

2010 செப்டெம்பர் 17 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, அவ்வூரின் பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் வெடித்தன. வீதி அமைப்பு வேலைக்கெனக் கொண்டுவரப்பட்ட வெடிமருந்து அது. பொலிஸ் நிலையம் நொறுங்கியது. பொலிஸாரும் பொதுமக்களும், வீதி வேலைக்கு வந்திருந்த சீனர் இருவருமாக இருபதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். ஊரையும் ஊரையும் இணைக்கும் பாதைக்காக வந்த பொருளே உயிர்களைச் சிதறடித்தது. அக்கட்டடத்தைக் கல் வைத்துக் கட்டி எழுப்ப மேசன்மாருக்கும் ஓடாவிமாருக்கும் எத்தனை மாதங்கள் சென்றிருக்கும்? அது சிதறுவதற்கு ஒரு கணம் போதுமாயிருந்தது.

அதே ஊர்ப்புறத்தில், வெடியோசை எதுவுமின்றி ஆண்டுதோறும் நிகழும் வேறொரு காரியத்தையும் பாருங்கள். உறுகாமம் குளத்தையும் உன்னிச்சைக் குளத்தையும் நம்பி அப்பகுதியில் நெல் விளைகின்றது. பெரும்போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் அமர்ந்து ஆரம்பக் கூட்டம் நடத்துவர். விதைப்புக்குரிய திகதி எது, நீர் திறந்துவிடும் நாள் எது, மாடுகளை வயற்புறத்திலிருந்து எந்நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பவை அங்கே தீர்மானிக்கப்படும். பின்னர் வாய்க்கால் துப்புரவு. அதன்பின் வரம்பு கட்டுதல். வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருப்பவர் தமக்குப் போதுமானபோது மடையை அடைத்தால்தான் கடைசி வயலுக்கு நீர் கிடைக்கும். அவர் அடைக்காமல் உறங்கிவிட்டால் யாரும் வெடி வைக்கத் தேவையில்லை. கடை வயல் தானாகவே காய்ந்துவிடும். அதனாற்றான் வட்டவிதானை என்றொருவரை நியமித்து, இரவிலும் வாய்க்காலோரம் நடக்கச் செய்திருக்கின்றனர். 'நீர் வந்து சேர்ந்தது' என்ற சொற்களுக்குப் பின்னால் நீரைக் கொண்டுபோய்ச் சேர்த்த கால்கள் இருக்கின்றன.

இனி, கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். அல்குர்ஆனின் மூன்றாவது அத்தியாயம் 103 ஆவது வசனத்தில், அனைவரும் சேர்ந்து அல்லாஹ்வின் கயிற்றைப் பற்றிப் பிடிக்குமாறும் பிரிந்துவிட வேண்டாமென்றும் முஃமின்கள் பணிக்கப்படுகின்றனர். குத்பாக்களில் பல நூறு தடவைகள் நாம் கேட்ட வசனம் இது. ஹப்ல் என்ற சொல்லுக்குக் கயிறு என்று பொருள் கூறிவிட்டு அப்பால் சென்றுவிடுகின்றோம். கயிறு எவ்வாறு கயிறாகின்றது என்று எண்ணிப் பார்த்திருக்கின்றோமா?

தேங்காய் மட்டையை நீரில் ஊறப் போட்டு, அடித்து, தும்பு எடுக்கின்றார்கள். ஒரு தும்பின் நீளம் சாண் அளவுதான்; இழுத்தால் அறுந்துவிடும். பல தும்புகளைச் சேர்த்து ஒரு திசையில் முறுக்கும்போது பிரி உண்டாகின்றது. அந்தப் பிரியைக் கையை விட்டால் முறுக்கு அவிழ்ந்து மீண்டும் தும்பாகிவிடும். ஆகவே, ஒரே திசையில் முறுக்கிய இரண்டு பிரிகளை எடுத்து, ஒன்றோடொன்று எதிர்த் திசையில் முறுக்குகின்றார்கள். இப்போது ஒவ்வொரு பிரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயல்கின்றது; அந்த முயற்சியே மற்றைய பிரியை இறுக்குகின்றது. அவிழ நினைக்கும் இரண்டு, ஒன்றையொன்று அவிழ விடாமல் பிடித்துக்கொள்கின்றன. தும்புக்கும் தும்புக்கும் இடையில் பசை எதுவும் இல்லை. உராய்வும் எதிர் முறுக்கும் மாத்திரமே. தோணியைக் கரையில் கட்டி வைப்பது இதுதான்.

நம்மில் பலர் ஒற்றுமை என்றவுடன் அனைவரும் ஒரே திசையில் முறுக்கப்பட வேண்டும் என்று எண்ணுகின்றனர். ஒரே கருத்து, ஒரே இயக்கம், ஒரே அமைப்பு. ஒரே திசையில் மாத்திரம் முறுக்கிய பிரி கையை விட்டவுடன் அவிழும் என்பதைக் கயிறு திரிக்கும் எந்தப் பெண்மணியிடமும் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

தமிழில் 'பிரி' என்ற சொல்லே வியப்புக்குரியது. பிரி என்றால் விலகு, வேறாகு. வைக்கோற்பிரி என்னும்போது அதே சொல் முறுக்கிச் சேர்த்த கயிற்றைக் குறிக்கின்றது. புரி என்ற சொல்லின் வேறு வடிவம் அது என்பர். அறபியிலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. பைன் என்பது அது. பிரிவு என்பதும் அதன் பொருள். இருவருக்கிடையிலான தொடர்பு என்பதும் அதன் பொருள். ஒன்றுக்கொன்று மாறான இரு பொருள் தரும் சொற்களை அழ்தாத் என்று வகுத்த அறபு மொழி அறிஞர்கள் பைனையும் அவற்றுள் சேர்த்தனர். இருவருக்கிடையே ஓர் இடைவெளி இருக்கின்றது. அதில் சுவரும் எழலாம், வாசலும் வைக்கலாம். அந்த இடைவெளியைச் சீர்செய்வதற்குத்தான் இஸ்லாஹு தாதில் பைன் என்று பெயர். நோன்பையும் தொழுகையையும் தர்மத்தையும் விட மேலான ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் இதனைத் தோழர்களிடம் அறிமுகப்படுத்தினார்கள் என்றும், இடைவெளி கெட்டுப்போவதைச் சிரைத்து அழிப்பதற்கு ஒப்பிட்டார்கள் என்றும் அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. சவரக்கத்தி ஒரு முறை இழுத்தால் போதும். முடி வளர்வதற்கு எத்தனை நாட்கள் செல்லும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நெய்தலிலும் நூற்றலிலும் நிலைமை இதுவே. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92 ஆவது வசனம், உறுதியாக நூற்ற நூலைத் தானே இழை இழையாகப் பிரித்துப் போட்ட ஒரு பெண்ணை உவமையாக்குகின்றது. உடன்படிக்கையை முறிப்போரைப் பற்றிய உவமை அது. மருதமுனையில் கைத்தறியோடு வாழ்ந்த குடும்பங்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று கேட்டால், இரு சமூகத்துப் பெரியவர்களும் தயங்காமல் கூறும் வாசகம் ஒன்று உண்டு. 'புட்டும் தேங்காய்ப்பூவும் போல.' எந்த மேடையிலும் இவ்வாசகத்துக்குக் கைதட்டல் உண்டு. எனக்கும் இது பிடித்தமானதே. ஆனால் அடுப்படியில் நின்று இதனைச் சற்றுக் கவனித்தால் மேடையில் காணாத ஒன்று தெரியும். புட்டு எளிதில் உதிரும் உணவு. மாவில் நீர் கூடினால் கட்டியாகும், குறைந்தால் வெறும் மாவாகவே நிற்கும். குழலில் ஒரு பிடி மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ என்று மாறி மாறி இடுகின்றார்கள். தேங்காய்ப்பூ மாவோடு கரைந்து ஒன்றாகிவிடுவதில்லை. அது இடையில் இருப்பதனால்தான் மா இறுகிப் போகாமல் ஆவி ஏறுகின்றது. மா மாவாகவும் பூ பூவாகவும் இருந்துகொண்டே ஒரே ஆவியில் வேகின்றன. பதம் தெரிந்த ஒரு கையும் அளவான நெருப்பும் இல்லாவிட்டால் அந்த உவமை வெறும் மாவாகவே கிடக்கும்.

1990 ஆம் ஆண்டில் அந்த நெருப்பு அளவு மீறியது. ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கும் அதிகமானோர். செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்ப் பொதுமக்கள் நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். வாவிக்கு மேற்கேயிருந்த வயல்களுக்குப் பல முஸ்லிம் விவசாயிகள் நீண்ட காலம் செல்ல முடியாமற் போயிற்று. அக்காலத்தைப் பற்றிப் பேசும்போது 'பிரச்சினை வந்தது', 'சமூகங்கள் பிரிந்தன' என்கின்றோம். இங்கேதான் தன்வினை நம்மை ஏமாற்றுகின்றது. மண்சுவர் மழையில் இடிவது வேறு. மனிதர் பிரிவது வேறு. சுட்டவர்கள் இருந்தனர், ஏவியவர்கள் இருந்தனர், வதந்தியைச் சுமந்து சென்றவர்களும் இருந்தனர். செய்தவரைக் கூறாமல் ஒரு சமூகம் முழுவதன் மீதும் அதனைச் சுமத்துவது எவ்வளவு பெரிய அநீதியோ, 'தானாக நடந்தது' என்று கூறி மூடிவிடுவதும் அவ்வளவு பெரிய பொய்.

இளைஞர்களே, 2019 ஏப்ரல் 21 ஆம் திகதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வழிபாட்டுக்கு வந்திருந்த சிறுவர்கள் பலர் அன்று உயிரிழந்தனர். அன்றைய தாக்குதல்களை நடத்திய குழு தனது பெயரில் 'ஜமாஅத்' என்ற சொல்லை வைத்திருந்தது. ஜமஅ என்றால் ஒன்று சேர்த்தான். ஜும்ஆ, ஜமாஅத், ஜாமிஉ யாவும் அந்த வேரிலிருந்து முளைத்தவை. சேர்த்தல் என்று பொருள்படும் சொல்லைப் பெயர்ப் பலகையில் எழுதிக்கொண்டு பிள்ளைகளின் உடல்களைச் சிதறடித்தனர். எனவே, ஒருவர் தம்மை எந்தச் சொல்லால் அழைத்துக்கொள்கின்றார் என்பதை வைத்து எதனையும் தீர்மானிக்க வேண்டாம். அவரது கை எதைச் செய்கின்றது என்று பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் மகன் சேரும் வட்டம் எவ்வளவு ஆழமாகச் சேர்ந்திருக்கின்றது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அது அவனை யார் யாரிடமிருந்து பிரிக்கின்றது என்றும் விசாரியுங்கள். அயலவரின் முகத்தைப் பார்க்க மறுக்கவும், வாப்பாவின் தொழுகையைக் குறை கூறவும் கற்றுக்கொடுக்கும் ஒரு கூட்டம், பெயர் எதுவாயினும், கத்தியைக் கையில் வைத்திருக்கின்றது.

ஒரு முஃமினுக்கு மற்றொரு முஃமின் ஒரு கட்டடத்தின் பகுதிகளைப் போன்றவர் என்று விளக்கிய நபி (ஸல்) அவர்கள், தமது இரு கை விரல்களையும் ஒன்றோடொன்று கோர்த்துக் காட்டினார்கள் என்று புகாரி கிரந்தத்தில் வருகின்றது. நீங்களும் கோர்த்துப் பாருங்கள். ஒரு விரலின் இடைவெளிக்குள் மற்றொரு விரல் சென்று அமர்ந்தால்தான் பிடி இறுகும். விரல்களுக்கிடையே இடைவெளியே இல்லாதிருந்தால் கோர்க்கவே முடியாது.

வீட்டு விடயத்துக்கு வருவோம். நமது ஊர்களில் குடும்பங்கள் பெரும்பாலும் காணி, சீதன வீடு, கலியாணத்துக்கு அழைக்காதது என்பவற்றால் முறிகின்றன. 'அவங்களோட நமக்குப் பேச்சுவார்த்தை இல்ல' என்று ஒரு வாக்கியம் போதும். அவ்வாக்கியத்திலும் ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். பேச்சை நிறுத்தியது யார் என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் காட்டுவர். மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்றும், இருவரில் சிறந்தவர் ஸலாமைக் கொண்டு முந்திக்கொள்பவர் என்றும் ஹதீஸ் கூறுகின்றது. யார் தவறு செய்தவர் என்ற கேள்வி அங்கே எழுப்பப்படவில்லை. யார் முந்துகின்றவர் என்பதே கேட்கப்படுகின்றது. உள்ளங்களைப் பிணைப்பவன் அல்லாஹ்வே. பூமியிலுள்ள அனைத்தையும் செலவிட்டாலும் மனிதரால் அது இயலாது என்று அல்அன்ஃபால் அத்தியாயம் கூறுகின்றது. ஆயினும் கதவைத் தட்டும் கை நம்முடையதாகவே இருக்க வேண்டியிருக்கின்றது.

இருவரும் முந்தவில்லையெனில் மூன்றாமவர் ஒருவர் தேவைப்படுகின்றார். அவருக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகை பெரியது. மக்களிடையே சமாதானம் செய்வதற்காக நல்லதை எடுத்துச் சென்று கூறுபவர் பொய்யரல்லர் என்று புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. தாம் கேட்டவை அனைத்தையும் அவர் ஒப்புவிக்கக் கடமைப்பட்டவரல்லர். காக்காவிடம் சென்று தம்பியைப் பற்றிப் பேசினால் பத்து விடயங்களைக் கூறுவார். ஒன்பது கசப்பானவை. காணியின் எல்லைக்கல், உம்மாவின் நகை, மையித்து வீட்டுக்கு வராதது. பேசி முடித்து எழும்பும் வேளையில், வாசலில் நின்று, "அவன்ட மகனுக்குக் காய்ச்சல் எண்டாங்க, இப்ப சுகமா?" என்று கேட்பார். அந்த ஒன்பதையும் வாசலிலேயே விட்டுவிட்டு, இந்த ஒன்றை மாத்திரம் அன்றிரவே தம்பியின் வீட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள்.